சாட்சியங்களைச் சேமிக்க எந்தப் புரொசசர்?

கடந்த சில வருடங்களில் வடக்கில் நான் போன பல வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் ஒரே மாதிரியான வேலை ஒன்று நடப்பதைப் பார்க்கிறேன். இடப்பெயர்வுகளில் சூட்கேசுக்குள் வைத்துத் தூக்கித் திரிந்த போட்டோக்கள் ஸ்கேன் செய்யப்படுகின்றன. கலியாண வீட்டு வீடியோ கசெற்றுகளில் இருந்து, பின்னாளில் காணாமலாக்கப்பட்ட ஒருவரின் முகம் தேடி எடுக்கப்படுகிறது. வயது போன தாய்மாரின் வாக்குமூலங்கள் கமராவில் பதியப்படுகின்றன. தேடிக்கொண்டிருந்த பெற்றோர் ஒவ்வொருவராக இறந்துகொண்டிருக்கிறார்கள் என்பதால் இந்த வேலையில் ஒரு அவசரம் இருக்கிறது. பெரும்பாலும் அவர்களிடம் இருப்பது ஒரு பழைய மடிக்கணினி மட்டும்தான்.

இப்படியான குழுவொன்று புதிய கணினி வாங்க முடிவு செய்தபோது என்னிடம் ஆலோசனை கேட்டது. ரொறொன்ரோவில் இருக்கும் உறவினர் ஒருவர் பணம் தருவதாகச் சொல்லி, தானே ஒரு பட்டியலும் அனுப்பியிருந்தார். பட்டியலின் முதல் வரி ஏஎம்டி த்ரெட்ரிப்பர் 7960எக்ஸ். 24 கோர் கொண்ட 'வேர்க்ஸ்டேஷன்' புரொசசர். 2023 நவம்பரில் அது சந்தைக்கு வந்தபோது விலை 1,499 அமெரிக்க டொலர். டொலருக்கு 300 ரூபா என்று வைத்தால் நாலரை இலட்சம். தாய்ப்பலகை, ரேம், பெட்டி எதுவும் இல்லாமல், தீர்வையும் கடைக்காரரின் இலாபமும் சேர முன்னரான கணக்கு இது. குழுவில் இருந்த அம்மா ஒருவர் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இந்தக் காசுக்கு எங்கட பக்கத்தில நல்ல பசு எத்தினை வாங்கலாம் எண்டு தெரியுமோ பிள்ளை? அதுக்குள்ள அப்பிடி என்ன கிடக்கு?"

நியாயமான கேள்வி.

சந்தையில் இரண்டு வகைப் புரொசசர்கள் உள்ளன. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் இன்டெல் கோர் ஐ5, ஐ7, ஏஎம்டி ரைசன் எல்லாம் முதல் வகை. இன்டெல் சியோன், ஏஎம்டி த்ரெட்ரிப்பர் இரண்டாம் வகை. பெறுபேற்றை வேகமாகத் தருவதுதான் விலை கூடியது என்று பலர் நினைக்கிறார்கள். ஒற்றை வேலையில் அது உண்மையில்லை. 7960எக்ஸின் உச்ச வேகம் 5.3 கிகாஹேர்ட்ஸ். 2023 ஜனவரியில் 429 டொலருக்கு வந்த 12 கோர் ரைசன் 9 7900இன் உச்ச வேகம் 5.4. ஒரு போட்டோவைத் திறந்து கறை நீக்கும் வேலையில் இரண்டுக்கும் இடையே நீங்கள் வித்தியாசம் உணரப்போவதில்லை.

வித்தியாசம் அகலத்தில் இருக்கிறது. புரொசசரைத் தோட்டம் என்றும், ரேமைக் கிணறு என்றும் நினைத்துக்கொள்ளுங்கள். சாதாரணப் புரொசசருக்கு அந்தக் கிணற்றில் இரண்டு துலா. த்ரெட்ரிப்பருக்கு நான்கு, அதன் 'புரோ' வரிசைக்கு எட்டு. 24 பாத்திக்கு ஒரே நேரத்தில் தண்ணீர் கட்டவேண்டும் என்றால் நான்கு துலா வேண்டும்தான். கிணற்றின் அளவும் வேறு. ரைசனில் ரேம் 192 ஜிபி, சில பலகைகளில் 256 ஜிபியுடன் நின்றுவிடும். இந்த த்ரெட்ரிப்பரில் 1 டெராபைட் வரை போகலாம். மூன்றாவது, கிராபிக்ஸ் கார்ட்டும் வேகமான எஸ்எஸ்டி வட்டுகளும் புரொசசருடன் பேசும் பாதைகள். ஆங்கிலத்தில் லேன் என்கிறார்கள். ஒழுங்கை என்றே சொல்லலாம். ரைசன் 7000 வரிசையில் பயன்படுத்தக்கூடியவை 24 ஒழுங்கைகள். கிராபிக்ஸ் கார்ட் ஒன்றுக்கு 16, எஸ்எஸ்டி ஒன்றுக்கு 4 என்று போனால் அதோடு கிட்டத்தட்ட முடிந்தது. 7960எக்ஸில் பலகையையும் சேர்த்து 88 வரை கிடைக்கும். நான்கு கிராபிக்ஸ் கார்ட் பூட்டுகிறவருக்கு இது பெரிய விடயம். ஒன்று பூட்டுகிறவருக்கு, வாகனமே போகாத ஒழுங்கைக்குத் தார் போட்டது போல.

கோர் எண்ணிக்கையும் அப்படித்தான். (இன்டெல் தன் புரொசசருக்கே 'கோர்' என்று பெயர் வைத்துக் குழப்பியது வேறு கதை.) வெங்காயம் கிண்ட 24 பேரைப் பிடிக்கலாம், சைக்கிள் ரியூப் ஒன்றை ஒட்ட 24 பேர் நின்று என்ன செய்வது? ஜீன் அம்டால் என்ற கணினிப் பொறியியலாளர் 1967இலேயே இதைக் கணக்காகச் சொல்லிவிட்டார். ஒரு வேலையின் பாதியைத்தான் பங்குபோட முடியும் என்றால், ஆயிரம் கோர் போட்டாலும் வேகம் இரண்டு மடங்கைத் தாண்டாது.

ஆகவே குழுவினரிடம் நான் கேட்டது ஒன்றுதான்: உங்கள் வேலையில் எந்த இடத்தில் காத்திருக்கிறீர்கள்?

போட்டோ ஸ்கேன் செய்வதில் காத்திருப்பது ஸ்கேனருக்காக. மினி டிவி நாடாவை மாற்றுவதில் காத்திருப்பது நாடாவுக்காக. ஒரு மணித்தியால நாடா கணினிக்குள் வர ஒரு மணித்தியாலம் எடுக்கும். அது 13 ஜிபி அளவில் ஒரு கோப்பாக வந்து சேரும். பத்து வருடப் பழைய புரொசசரும் இதைச் செய்யும், நாலரை இலட்சத்துப் புரொசசரும் இதே ஒரு மணித்தியாலத்தில்தான் செய்யும். இங்கே பணம் போகவேண்டிய இடம் நாடாவை ஓட்டும் பழைய கமரா. ஹெட் தேயாத கமரா ஒன்றைத் தேடிப் பிடிப்பதுதான் இன்று கஷ்டம்.

பழைய பத்திரிகைப் பக்கங்களில் இருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் வேலை வேறு. நூறு பக்கத்தை 12 கோருக்குப் பங்குபோட்டுக் கொடுக்கலாம். கோர் கூடக் கூட நேரம் குறையும். ஆனால் அது இரவில் விட்டுவிட்டுப் படுக்கக்கூடிய வேலை. விடிய மூன்று மணிக்கு முடிந்தால் என்ன, ஐந்து மணிக்கு முடிந்தால் என்ன?

வீடியோ எடிட்டிங்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சோனி, கெனன் நிறுவனங்களின் புதிய கமராக்கள் பல, எச்.265 முறையில் 10 பிட் 4:2:2 என்ற வடிவத்தில் பதிகின்றன. இந்தக் கோப்பைத் திறந்து ஓடவிடும்போது திக்கித் திணறினால், புரொசசர் போதவில்லை என்று கடைக்காரர் சொல்வார். உண்மையில் தேவைப்படுவது அந்த வடிவத்தை அவிழ்ப்பதற்கென்றே உள்ள சிறு சுற்று. இன்டெல் கோர் புரொசசர்களில், 11ஆம் தலைமுறையில் இருந்து, உள்ளிருக்கும் கிராபிக்ஸ் பகுதியில் அது இருக்கிறது. த்ரெட்ரிப்பரில் உள்ளிணைந்த கிராபிக்ஸே இல்லை. அதாவது இந்த ஒரு வேலையில், மூன்றில் ஒரு பங்கு விலைக்கும் குறைவான ஐ7 இலகுவாக ஓடும், 24 கோர் மூச்சு வாங்கும். ரைசனிலும் இந்தச் சுற்று இல்லை. ஆனால் என்விடியாவின் 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக் கிராபிக்ஸ் கார்ட்டுகளில் வந்துவிட்டது. ஊடகக் கற்கைகள் படித்த காலத்தில் நாங்கள் சாதாரண ஆய்வுகூடக் கணினிகளில், சின்ன அளவில் ஒரு பிரதி எடுத்து அதில் வெட்டி ஒட்டிவிட்டு, கடைசியில் மூலத்துடன் இணைப்போம். அந்த வழியும் இன்னும் வேலை செய்கிறது.

வாக்குமூலங்களை எழுத்தாக்குவது இந்தக் குழுவின் பெரிய வேலை. அவற்றை இணையச் சேவை எதற்கும் அனுப்புவதில்லை என்று அவர்கள் உறுதியாக இருக்கிறார்கள். யார் என்ன சொன்னார்கள் என்று வீட்டு வாசலில் வந்து விசாரிக்கப்பட்ட குடும்பங்கள் அவை. அந்த உறுதியை நான் விளக்கத் தேவையில்லை. 2022 செப்டெம்பரில் ஓப்பன்ஏஐ நிறுவனம் இலவசமாக வெளியிட்ட விஸ்பர் என்ற மென்பொருளை, இணையத் தொடர்பைக் கழற்றிவிட்டு நம்முடைய கணினியிலேயே ஓட்டலாம். வன்னிப் பேச்சில் அது தடுமாறுகிறது; விசுவமடு, வட்டுவாகல் போன்ற பெயர்களைக் கையால்தான் திருத்தவேண்டும். இருந்தாலும் முதல் வரைவு கிடைத்துவிடுகிறது. இதற்கு வேகம் தருவது கிராபிக்ஸ் கார்ட். அதன் பெரிய மாதிரிக்குக் கார்ட்டின் சொந்த நினைவகம் 10 ஜிபி அளவில் தேவை. புரொசசரில் மிச்சம்பிடித்த பணம் இங்கே போகவேண்டும்.

வட்டைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டிவைக்கப் பெரிய புரொசசர் வேண்டும் என்றும் பட்டியலில் ஒரு குறிப்பு இருந்தது. தேவையில்லை. பூட்டித் திறக்கும் கணக்கைச் செய்யும் கட்டளைகள் இன்றைய சாதாரணப் புரொசசர்களிலேயே உள்ளன.

இவ்வளவும் சொன்ன பிறகும், வேர்க்ஸ்டேஷனில் இருந்து நாங்கள் இரவல் வாங்கவேண்டிய ஒன்று இருக்கிறது. இசிசி எனப்படும் பிழை திருத்தும் ரேம். ரேமில் உள்ள ஒரு பிட் சில வேளைகளில் தானாகவே மாறிவிடும். பழுதுபட்ட சில்லு, மின்னழுத்தம், விண்வெளியில் இருந்து வரும் கதிர் என்று பல காரணங்கள். கூகுளின் கணினிகளை வைத்து, ரொறொன்ரோ பல்கலைக்கழகத்தின் பங்கேற்புடன் 2009இல் வெளியான ஆய்வொன்று, வருடமொன்றில் 8 வீதத்துக்கும் மேற்பட்ட ரேம் பலகைகளில் பிழை பதிவானதாகச் சொன்னது. விளையாட்டில் ஒரு புள்ளி நிறம் மாறினால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் ஸ்கேன் செய்த கோப்பு வட்டில் எழுதப்பட முன்னர் ரேமில் பழுதானால், அந்தப் பழுதே மூலம் ஆகிவிடும். பிறகு எத்தனை பிரதி எடுத்தாலும் பழுதின் பிரதிதான். அந்தப் போட்டோவும் இதற்கிடையில் வீட்டுக்குத் திரும்பிப் போயிருக்கும்.

இசிசிக்காகவே சியோன் அல்லது த்ரெட்ரிப்பர் வாங்கவேண்டும் என்பது பழைய கதை. ரைசன் 7900 அதை ஏற்கும், தாய்ப்பலகையும் ஏற்றால். பலகையின் விபரக்கொத்தில் இசிசி என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்கவேண்டும். இன்டெல்லில் 12 முதல் 14 வரையான தலைமுறைகளின் பல புரொசசர்கள், டபிள்யூ680 சிப்செற் உள்ள பலகையில் மட்டும் ஏற்கும். வழமையான பி760, இசட்790 பலகைகளில் நடக்காது. டிடிஆர்5 ரேமுக்குள் ஏற்கெனவே பிழைதிருத்தி இருக்கிறது என்று கடையில் சொன்னால், அது சில்லுக்கு உள்ளே மட்டும் நடப்பது. ரேமில் இருந்து புரொசசர் வரையான பயணத்துக்கு அது பொறுப்பில்லை. பழைய சேர்வர்களில் இருந்து மலிவாக வரும் ஆர்டிம் வகை ரேம் இந்தப் பலகைகளில் வேலை செய்யாது என்பதையும் கவனியுங்கள். 13, 14ஆம் தலைமுறை இன்டெல் வாங்குகிறவர்கள் ஒன்றைச் சேர்த்துப் பார்க்கவேண்டும். அவற்றில் சில, மின்னழுத்தச் சிக்கலால் நிலைகுலைவது 2024இல் உறுதியானது. இன்டெல் திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு வருடம் நீட்டியது. பாவித்த ஒன்றைக் கைமாற்றாக வாங்க நான் யோசிப்பேன்.

அடுத்தது மின்சாரம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட ஊருக்கு நான் மின்வெட்டைப் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை வெட்டினார்கள். 2025 பெப்ரவரியில் பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று பாய்ந்ததால் முழு நாடும் இருண்டது என்று அமைச்சரே சொன்னார். 7960எக்ஸ் முழு வேகத்தில் தனியே 350 வாட்ஸ் கேட்கும் புரொசசர். நாங்கள் வழமையாக வாங்கும் 650 விஏ யூபிஎஸ் முழுவதுமாகக் கொடுக்கக்கூடியதே கிட்டத்தட்ட அவ்வளவுதான். கிராபிக்ஸ் கார்ட்டைச் சேர்த்தால் மின்சாரம் நின்ற அதே நொடியில் கணினியும் நிற்கும். 7900இன் மதிப்பீடு 65 வாட்ஸ். அதிலும் கிராபிக்ஸ் கார்ட்டை வேலை வாங்கும்போது பெரிய யூபிஎஸ் நல்லது. ஆனால் கோப்பைச் சேமித்து ஒழுங்காக நிறுத்த நேரம் கிடைக்கும். பலகை பழுதானால் மாற்றுப் பலகையை யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ தேடலாம். த்ரெட்ரிப்பர் பலகைக்குக் கொழும்பிலேயே அலையவேண்டிவரும்.

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாப் பக்கம் போனால் பாவித்த சியோன் வேர்க்ஸ்டேஷன்கள் ஆசை காட்டும். உதாரணத்துக்கு, 2016இல் வந்த சியோன் இ5-2680 வி4: 14 கோர், இசிசி வசதி, விலையும் குறைவு. உச்ச வேகம் 3.3 கிகாஹேர்ட்ஸ்தான். விண்டோஸ் 11 அதை அதிகாரபூர்வமாக ஏற்காது. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. லினக்ஸ் தெரிந்த ஒருவர் இருந்தால், இரவில் எழுத்துப் பிரித்தெடுக்கவும் கோப்புகளைச் சேமிக்கவும் இரண்டாவது கணினியாக நல்லது. முதலாவதாக நான் வாங்கமாட்டேன்.

யாருக்கு த்ரெட்ரிப்பர் சரி? அழிந்த கோயில் ஒன்றையோ ஒரு தெருவையோ ஆயிரக்கணக்கான போட்டோக்களில் இருந்து முப்பரிமாண மாதிரியாகக் கட்டுபவர்களுக்கு. நான்கு கிராபிக்ஸ் கார்ட்டுகளை ஒன்றாக ஓட்டுபவர்களுக்கு. நாள் முழுக்கக் காட்சிகளை ரெண்டர் செய்து சம்பளம் வாங்குபவர்களுக்கு. அவர்களுக்கு மிச்சமாகும் நேரம் காசு.

குழு கடைசியில் 7900, 64 ஜிபி இசிசி ரேம், 16 ஜிபி நினைவகம் உள்ள ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக் கார்ட், பெரிய யூபிஎஸ் ஒன்று என்று முடிவெடுத்தது. ரொறொன்ரோக்காரருக்கு முதலில் மனவருத்தம். தான் கொடுப்பது சின்னதாகிப் போகிறது என்று. மிச்சப் பணத்தில் மூன்று வட்டுத் தொகுதிகள் வாங்கலாம், மூன்றும் மூன்று ஊரில் இருக்கும் என்று விளக்கியதும் ஒத்துக்கொண்டார். 1981இல் எரிந்த நூலகத்தில் இருந்த ஏடுகள் பலவற்றுக்கு இரண்டாவது பிரதி இருக்கவில்லை என்பதை அவருக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 என்ற கைரேகை எண் எடுத்து ஒரு கொப்பியிலும் பட்டியலிலும் குறிக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூன்று ஊர் வட்டுகளையும் அந்த எண்ணுடன் ஒப்பிட்டுப் பார்ப்பது என்று ஏற்பாடு.

மொத்தம் 43 நாடாக்கள். நான் கடைசியாகப் போனபோது ஒன்பதாவது ஓடிக்கொண்டிருந்தது.