பழைய கார் செட்டில் புது போன் பாட்டு: ஒயரை வெட்டும் முன் இதைப் படிங்க!

சேலத்திலிருந்து நாமக்கல்லுக்கு சுமார் 50 கிலோமீட்டர். நான்குவழிச் சாலை, ஒரு மணி நேரத்துப் பயணம். பாட்டு இல்லாமல் ஓட்டினால் ராசிபுரம் பிரிவு வருவதற்குள்ளேயே கொட்டாவி வந்துவிடும். ஆனால் செகண்ட் ஹேண்டில் வாங்கிய 2010 மாடல் காரில் கம்பெனி செட்டு சிடி மட்டும்தான் பாடும். வீட்டில் சிடி ஒன்றுகூட இல்லை. பாட்டு முழுக்க போனில் இருக்கிறது. உடனே போனை டேஷ்போர்டில் வைத்து ஸ்பீக்கரில் போடுவோம், இல்லையென்றால் "செட்டையே மாத்திடலாம் சார்" என்று கடைக்காரர் சொல்வதற்குத் தலையாட்டுவோம். இரண்டுக்கும் நடுவில் நிறைய வழி இருக்கிறது. பாதி வழிகளுக்கு சில நூறு ரூபாய்க்கு மேல் ஆகாது.

முதலில் காரில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் தேடுங்கள். செட்டின் முகப்பில், கியர் லிவருக்கு முன்னால் உள்ள குழியில், கிளவ் பாக்ஸுக்குள், ஆர்ம்ரெஸ்ட்டுக்கு அடியில் என எங்கேயாவது சின்ன வட்ட ஓட்டையோ யூஎஸ்பி சாக்கெட்டோ ஒளிந்திருக்கும். 'ஆக்ஸ்' என்று எழுதியிருக்கும். சில செட்டுகளில் முன்னால் ஒன்றும் இருக்காது, பின்பக்கம் மட்டும் ஆக்ஸ் இணைப்பு இருக்கும். உங்கள் மாடலின் ஓனர்ஸ் மேனுவலைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஆக்ஸ் இருந்தால் பாதி வேலை முடிஞ்சது

அந்த வட்ட ஓட்டை 3.5 மில்லிமீட்டர் ஜாக். 1979-ல் சோனி வாக்மேன் வந்து உலகம் முழுக்கப் பிரபலமாக்கிய அதே ஹெட்போன் ஓட்டைதான். வாக்மேன், ஐபாட், எம்பி3 பிளேயர், போன் எதுவானாலும் இரண்டு பக்கமும் பின் உள்ள ஒரு கேபிள் போதும். செட்டில் ஆக்ஸ் மோடுக்கு மாற்றினால் பாட்டு வந்துவிடும்.

சிக்கல், போனில் ஜாக் இல்லை என்பதுதான். 2016-ல் ஐபோன் 7 அதைத் தூக்கிப் போட்டது, மற்ற கம்பெனிகளும் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. அதனால் டைப்-சி டு 3.5 மாற்றி ஒன்று தேவை. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சில மலிவான மாற்றிகள் வெறும் ஒயர். போனே உள்ளுக்குள் ஆடியோவாக மாற்றிக் கொடுத்தால்தான் அவை வேலை செய்யும், எல்லா போனும் அப்படிக் கொடுக்காது. 'டிஏசி' என்ற சிப் உள்ள மாற்றியைக் கேட்டு வாங்குங்கள். முடிந்தால் கடையிலேயே உங்கள் போனில் சொருகிப் பார்த்துவிடுங்கள்.

சொருகியாச்சு, மியூசிக் கேட்கிறது, பாடகர் குரலை மட்டும் காணோம்! போன் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். பின் முழுதாக உள்ளே போகவில்லை அல்லது கேபிளில் எர்த் ஒயர் விட்டுப்போயிருக்கிறது. அப்போது இடது, வலது சிக்னல்களில் பொதுவாக இருப்பது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். குரல் வழக்கமாக இரண்டு பக்கமும் சமமாகப் பதிவாகியிருக்கும் என்பதால் முதலில் காலியாவது அதுதான். இலவச கரோக்கி! பின்னை அழுத்திப் பாருங்கள், போன் கவர் தடுக்கிறதா என்றும் பாருங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் கேபிளை மாற்றுங்கள்.

அடுத்த தொல்லை 'கீய்ங்...' சத்தம். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஏறும், விட்டால் இறங்கும். இது ஆல்டர்னேட்டரின் சத்தம். போனை லைட்டர் சாக்கெட்டில் சார்ஜும் போட்டு, ஆக்ஸிலும் சொருகினால் எர்த்துக்கு இரண்டு பாதைகள் உண்டாகி, அந்த வளையத்தில் இந்த இரைச்சல் புகுந்துவிடும். சார்ஜரைக் கழற்றுங்கள். சத்தம் உடனே நின்றால் இதுதான் காரணம். 'கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்' என்று சின்ன டப்பி ஒன்று கிடைக்கும். உள்ளே குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள் இருக்கும். கேபிளுக்கு நடுவில் மாட்டினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இதற்காக ஸ்பீக்கரையோ செட்டையோ மாற்றுவது வீண் செலவு.

பென்டிரைவ் பாடும், போன் ஏன் பாடாது?

யூஎஸ்பி உள்ள செட்டில் ஆண்ட்ராய்டு போனைச் சொருகினால் சார்ஜ் ஏறும், பாட்டு வராது. பழைய செட்டுக்குத் தெரிந்தது பென்டிரைவின் பாஷை மட்டும். இன்றைய போன் தன்னை பென்டிரைவாகக் காட்டிக்கொள்வதில்லை. சார்ஜும் மெதுவாகத்தான் ஏறும், சாதாரண யூஎஸ்பி 2.0 சாக்கெட் அரை ஆம்பியர்தான் கொடுக்கும். மேப் ஓடிக்கொண்டிருந்தால் அதுவும் பத்தாது.

எனவே பென்டிரைவே நல்லது. அதை ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். பாட்டு எம்பி3-யாக இருக்கட்டும். பாட்டு ஆப்பில் 'டவுன்லோட்' செய்தவற்றை பென்டிரைவில் போட முடியாது. பூட்டுப் போட்ட ஃபைல்கள் அவை, அந்த ஆப்புக்குள் மட்டும்தான் திறக்கும். காசு கட்டியும் இப்படியா என்று கேட்டால், ஆமாம், இப்படித்தான்.

நம்ம ஊருக்கே உரிய ஒரு பிரச்னையும் உண்டு. ஃபைல் பெயரைத் தமிழில் வைத்திருந்தால் செட்டின் திரையில் கட்டம் கட்டமாகவோ கேள்விக்குறிகளாகவோ வரும். பல பழைய செட்டுகளில் தமிழ் எழுத்தே கிடையாது. பாட்டு பாடும், பெயர்தான் தெரியாது. இளையராஜா எது, மாடர்ன் தியேட்டர்ஸ் பழைய பாட்டு எது என்று தெரியாமல் பட்டனைத் தட்டிக்கொண்டே ஓட்டுவது ஆபத்து. பெயர்களை ஆங்கில எழுத்தில் மாற்றி, ஃபோல்டர் ஃபோல்டராகப் பிரித்து வையுங்கள்.

கால் வரும், பாட்டு வராது

சில கார்களில் ப்ளூடூத் இருக்கும், போன் பேசலாம், பாட்டு மட்டும் வராது. பேசுவதற்கும் பாட்டுக்கும் ப்ளூடூத்தில் தனித்தனி முறைகள். பழைய செட்டில் முதலாவது மட்டும் இருக்கும். இதை செட்டிங்ஸில் சரி செய்ய முடியாது. ஆக்ஸில் சொருகும் ப்ளூடூத் ரிசீவர்தான் வழி. ஆக்ஸ் உள்ள எல்லோருக்குமே என் ஓட்டு இதற்குத்தான், போனில் ஒயரே தொங்காது.

ஒரு ஓட்டையும் இல்லையா?

ரேடியோ இருக்கிறதே! லைட்டர் சாக்கெட்டில் சொருகும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர், போனின் பாட்டை ப்ளூடூத்தில் வாங்கி, ஒரு குட்டி ரேடியோ ஸ்டேஷன் மாதிரி உங்கள் செட்டுக்கு ஒலிபரப்பும். இரண்டிலும் ஒரே எண்ணை வைக்க வேண்டும், அவ்வளவுதான். 87.5-க்கும் 108-க்கும் இடையில் காலியான இடத்தைப் பிடிப்பதில்தான் சூட்சுமம். கொடைக்கானல் எஃப்எம்மின் 100.5 பக்கம் போகாதீர்கள், மலை உச்சியிலிருந்து வருவது வெகுதூரம் எட்டும். நாமக்கல்லில் காலியாக இருந்த எண் சேலம் நெருங்கும்போது காலியாக இருக்காது. அதனால் இரண்டு எண்களை முன்பே தேர்ந்து, செட்டின் மெமரி பட்டனில் சேமித்துவிடுங்கள். தரம் சுமார்தான், எஃப்எம்மில் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சத்தம் போகாது. கார் வேகமாக ஓடும்போது அந்த வித்தியாசம் காதில் விழுவது கஷ்டம்.

கேசட் செட்டா? அதிர்ஷ்டசாலி நீங்கள்! கேசட் வடிவ அடாப்டர் கிடைத்தால் வாங்குங்கள். அதன் சின்ன ஹெட், செட்டின் ஹெட்டோடு ஒட்டி நின்று காந்தப் புலம் வழியாகவே பாட்டைக் கடத்தும். பெரும்பாலும் எஃப்எம்மைவிடத் தெளிவு.

செட்டை மாற்றியே தீருவேன் என்பவர்களுக்கு: முகப்பு 180-க்கு 50 மில்லிமீட்டர் என்றால் சிங்கிள் டின், உயரம் 100 என்றால் டபுள் டின். உங்கள் கார் மாடலுக்கான கப்ளர் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒயரை வெட்டி டேப் சுற்றுகிறேன் என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். அரைகுறை டேப்புக்குள் ஷார்ட் ஆனால் நஷ்டம் செட்டோடு நிற்காது. பேட்டரியைக் கழற்றும் முன், செட்டுக்கு செக்யூரிட்டி கோடு உண்டா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்படி இணைத்தாலும் பிளேலிஸ்ட்டை வண்டி கிளம்பும் முன் போட்டுவிடுங்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று நொடி திரையைப் பார்த்தால் வண்டி 66 மீட்டர் போயிருக்கும், முன்னால் லோடு லாரி பிரேக் பிடித்திருக்கும். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவில், ஓட்டும்போது கையில் போனைப் பயன்படுத்துவதற்கு அபராதம் மட்டுமே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை.

லாரிக்காரர்களுக்கு மட்டும் ஒரு விஷயம்

நாமக்கல்லில் பாடி கட்டிய லாரியிலும், திருச்செங்கோட்டு ரிக் வண்டியிலும் இதே ஆசை உண்டு. ஆனால் கார் 12 வோல்ட், கனரக லாரி 24 வோல்ட். கார் செட்டை நேராகக் கொடுத்தால் புகைந்துவிடும். எஃப்எம் டிரான்ஸ்மிட்டர், சார்ஜர் வாங்கும்போதும் '12-24' என்று அச்சடித்திருக்கிறதா பாருங்கள். இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் இழுப்பது பலரும் செய்வதுதான். அதில் அந்த ஒரு பேட்டரி மட்டும் காலியாகிக்கொண்டே வரும், மற்றொன்றுக்கு அளவுக்கு மேல் சார்ஜ் ஏறும், கடைசியில் ஜோடியாக இரண்டையும் மாற்ற வேண்டியிருக்கும். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்று வைத்து, அதற்கு முன்னால் ஒரு ஃபியூஸும் போடச் சொல்லுங்கள். செட்டு எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்பது அதன் பின்பக்க ஸ்டிக்கரிலேயே இருக்கும். கன்வெர்ட்டர் அதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்.