போனில் பச்சை, காலண்டரில் பழுப்பு: அச்சில் நிறம் ஏன் மாறுகிறது?

ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தாமிரபரணிப் பாசனத்தில் விளையும் அந்த இலையின் படத்தைப் போட்டு 1,000 காலண்டர் அடிக்க, அந்த ஊர் வியாபாரி ஒருவர் சிவகாசிக்கு ஆர்டர் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாட்ஸ்அப்பில் வந்த டிசைனைப் பார்த்து 'ஓகே' சொல்லிவிட்டார். பார்சலைப் பிரித்தால், இலை வாடிக் கிடக்கிறது. "நான் ஓகே சொன்ன பச்சை இது இல்லையே!" என்கிறார் அவர். "அதே ஃபைலைத்தான் அடிச்சோம்" என்கிறது அச்சகம். நஷ்டம் யார் தலையில்?

இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. போன் திரை சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளைக் கலந்து நிறம் காட்டுகிறது. ஆஃப்செட் அச்சில் இருப்பது சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மைகளின் நுண்புள்ளிகள். திரையில் பளீரென்று தெரியும் பல பச்சைகளை இந்த நான்கு மைகளால் எட்டவே முடியாது. போதாக்குறைக்கு, ப்ரைட்னஸைக் கூட்டினாலே போனில் நிறம் வேறாகிவிடும்.

இந்த இடைவெளியைச் சமாளிக்கத்தான் 'கலர் புரொஃபைல்'. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறக் கட்டங்கள் கொண்ட ஒரு தாளை அச்சடித்து, ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் கருவியால் ஒவ்வொன்றாக அளப்பார்கள். குறிப்பிட்ட மெஷின், மை, காகிதம் மூன்றும் சேர்ந்தால் எந்த நிறம் எப்படி விழும் என்ற கணக்கு அதில் கிடைக்கும். 1993-ல் உருவான ஐசிசி அமைப்பின் பொது வடிவத்தில் இதைச் சேமிக்கிறார்கள். காகிதத்தை மாற்றினால் பழைய கணக்கு செல்லாது. வழவழப்பான ஆர்ட் பேப்பரில் மை மேலேயே நிற்கும். சாதாரணத் தாள் உறிஞ்சிக்கொள்ளும், புள்ளி பருக்கும், படம் இருண்டுபோகும்.

புரொஃபைல் இருந்தால் மட்டும் போதாது. முதல் தாளும் ஆயிரமாவது தாளும் ஒன்றுபோல வர வேண்டுமே! ஓட்டத்தின் நடுவே மைக்கும் தண்ணீருக்கும் உள்ள சமநிலை தவறலாம். ஈரக் காற்றில் காகிதம் விரிந்து, நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராமல் போகலாம். அதனால்தான் தாளின் ஓரத்தில் ஒரு நிறப்பட்டை அச்சாகிறது. ஆபரேட்டர் அவ்வப்போது தாளை உருவி, அந்தப் பட்டையை அளந்து மையைக் கூட்டிக் குறைப்பார். நிற வித்தியாசத்தை 'டெல்டா ஈ' என்ற எண்ணால் சொல்வார்கள். 1 என்றால் கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம். 5 என்றால் பளிச்சென்று தெரியும்.

வெற்றிலை இதில் பொல்லாத பொருள். சயானும் மஞ்சளும் சேர்ந்து வரும் பச்சையில் மெஜந்தா கொஞ்சம் கூடினாலே இலை காய்ந்ததுபோல் ஆகிவிடும். அட்டைப்பெட்டியின் நீலம் லேசாக மாறினால் யாரும் கவனிக்க மாட்டார்கள். வெற்றிலையின் நிறமோ தாம்பூலம் எடுத்த எல்லாருக்கும் மனப்பாடம்.

வியாபாரி செய்திருக்க வேண்டியது என்ன? அச்சாகப்போகும் காகிதத்துக்கான புரொஃபைலை வைத்து எடுத்த காகிதப் புரூஃபைக் கேட்டிருக்கலாம். அதை 5,000 கெல்வின் விளக்கின் கீழே பார்ப்பதே அச்சுலக வழக்கம். கடை டியூப்லைட்டில் பொருந்தும் நிறம் பகல் வெளிச்சத்தில் பிரிந்து தெரியலாம். அந்தத் தாளில் இரு தரப்பும் கையெழுத்துப் போட்டிருந்தால் தகராறே வந்திருக்காது. அடுத்த வருட ஆர்டருக்கும் அது உதவும். வெயில் படாமல் உறைக்குள் வைக்க வேண்டும். சுவரில் மாட்டினால் அந்தப் பச்சையும் வெளுத்துவிடும்.