பழைய ரேடியோச் சாமான் வாங்குவது எப்படி?

இலங்கையில் வானொலி பிறந்ததே பாவித்த சாமானில் இருந்துதான். 1920களின் முற்பகுதியில், கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் சிறிய அறையொன்றில் இருந்து இசைத்தட்டுப் பாடல்கள் முதன்முதலாக வானலை ஏறின. பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிகளைக் கொண்டுதான் தந்தித் திணைக்களப் பொறியியலாளர்கள் அந்த ட்ரான்ஸ்மிட்டரைக் கட்டியிருந்தார்கள். முன்னின்றவர் எட்வர்ட் ஹார்ப்பர். முறையான ஒலிபரப்பு 1925 டிசம்பர் 16இல் தொடங்கியது.

'ஹாம்' எனப்படும் அமெச்சூர் வானொலியாளர்கள் இன்றும் அந்த வழியில் போகிறவர்கள்தான். அரச உரிமம் பெற்று, தம் சொந்தக் கருவியால் நாடுவிட்டு நாடு பேசுவது இவர்களின் பொழுதுபோக்கு. அமெரிக்காவின் ஒஹாயோவில் 1952இல் தொடங்கிய 'ஹாம்வென்ஷன்' கூடலுக்குப் பலர் போவதே அங்கே விரியும் பழைய சாமான் சந்தைக்காகத்தான். நமக்குப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு இருக்கிறது. நுகேகொடையில் 138 பஸ் ஏறினால் போதும். ரேடியோ திருத்தும் கடைகளின் மூலைகளையும் பழைய இரும்புக்காரரையும் மறந்துவிடக் கூடாது.

இந்தச் சந்தையில் விலை பேசத் தெரிவதைவிட, எது பழுதாகும், எது பழுதாகாது என்று தெரிவதுதான் முக்கியம். செம்பு, இரும்பு, காற்று இவற்றால் ஆனது நெடுங்காலம் உழைக்கும். உள்ளே ஈரமோ இரசாயனமோ உள்ளது சும்மா கிடந்தாலும் கெடும்.

முதல் வகைக்கு நல்ல உதாரணம் வால்வு ரேடியோவின் கேங் கொன்டென்சர். நிலையம் பிடிக்கும் குமிழைத் திருப்பும்போது உள்ளே நகர்வது இதுதான். அசையாத தகடுகளின் இடைவெளிக்குள் அசையும் தகடுகள் நுழைந்து வெளியேறும். நடுவில் வெறும் காற்று. பிற்கால ரேடியோக்களில் சிறிய பிளாஸ்டிக் வகைகளும் குறைகடத்திகளும் வந்துவிட்டதால், இது புதிதாகக் கிடைப்பது அரிது. வாங்குமுன் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து அச்சை மெல்லத் திருப்புங்கள். தகடு உரசும் சத்தம் கேட்டால் விலை குறைத்துக் கேட்கலாம். தூசு மட்டும் என்றால் ஒரு தூரிகை போதும்.

இரண்டாம் வகை எலெக்ட்ரோலைட்டிக் கொன்டென்சர். உள்ளிருக்கும் திரவம் காலப்போக்கில் காய்ந்துவிடும். தலை புடைத்திருந்தாலோ அடியில் கசிவு தெரிந்தாலோ தொட வேண்டாம். வெளியே பழுது தெரியாவிட்டாலும் பழையதை மாற்றுவதே நல்லது. ஆகவே பல ஆண்டு பூட்டிக் கிடந்த வால்வு ரேடியோவை நேரே 230 வோல்ட்டில் செருகக் கூடாது. பழைய இழை பல்ப் ஒன்றைத் தொடராக இணைத்துக் கொடுங்கள். எல்ஈடி பல்ப் இதற்கு உதவாது. இழை பல்ப் ஒருமுறை மின்னி மங்கினால் பயமில்லை. முழு வெளிச்சத்தோடு எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷோர்ட். பிளக்கைக் கழற்றிய பிறகும் கொன்டென்சரில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

யாரும் தேடாத இடத்தில் கிடைக்கும் லாபம் ஒன்று: பழைய பட்டன் தொலைபேசி. பலவற்றின் உள்ளே 3.579545 அல்லது 3.58 என்று பொறித்த சிறிய உலோகக் கூடு இருக்கும். அது குவார்ட்ஸ் படிகம். அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சிகளுக்காகப் பெருந்தொகையாகச் செய்யப்பட்டு மலிந்துபோனதால், தொலைபேசி செய்தவர்களும் அதையே எடுத்துக்கொண்டார்கள். அந்த 3.58 மெகாஹேர்ட்ஸ், ஹாம்களின் 80 மீற்றர் பட்டைக்குள் விழுகிறது. ஓரிரு ட்ரான்சிஸ்டரோடு சேர்த்தால் சிறிய மோர்ஸ் ட்ரான்ஸ்மிட்டர் தயார்.

சிக்கல் அன்டெனாவில்தான். இந்த அலைக்கு அரையலைக் கம்பி ஏறத்தாழ 40 மீற்றர் வேண்டும். நுகேகொடையில் 10 பேர்ச் காணி சதுரமாக இருந்தாலும் ஒரு பக்கம் 16 மீற்றர்தான். 7 மெகாஹேர்ட்ஸுக்குப் போனால் 20 மீற்றர் கம்பி மூலைக்கு மூலை அடங்கும்.

ஜப்பான் கம்பனிகளின் பாவித்த ட்ரான்சீவர் (அனுப்பவும் கேட்கவும் ஒரே கருவி) கிடைத்தால், அதன் மின்தேவையையும் கணக்கில் எடுங்கள். 100 வாட் கருவி 13.8 வோல்ட்டில் 20 அம்பியர் அளவுக்கு இழுக்கும். கார் பற்றரியில் இயங்குவது அதன் பலம். 2004 ஆழிப்பேரலையில் தொலைபேசிகள் செத்தபோது, ஹம்பாந்தோட்டையில் இருந்து கொழும்புக்குச் சிற்றலையில் செய்தி அனுப்பியவர்கள் இலங்கை வானொலிச் சங்கத்தின் அமெச்சூர்கள்.

கேட்பதற்கான ரிசீவரில் தொடங்குங்கள். ட்ரான்ஸ்மிட்டருக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் உரிமம் கட்டாயம். அதற்குப் பரீட்சை உண்டு. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், பரீட்சையில் தேறி உரிமம் கைக்கு வந்த பிறகே ட்ரான்ஸ்மிட்டருக்கு விலை பேசுங்கள்.