மருந்துக்கடையில் கேட்க வேண்டிய கேள்வி

அச்சங்குளம் வட்டாரத்துப் பட்டாசு ஆலைகளில் வெடிமருந்து செலுத்துவதும் திரி செருகுவதும் தரையில் உட்கார்ந்து, குனிந்து செய்கிற வேலைகள். இடுப்பும் முழங்காலும் வலிக்காமல் என்ன செய்யும்? மெடிக்கலில் ஒரு டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொண்டால் மறுநாள் வேலைக்குப் போய்விடலாம். வாங்குகிறவருக்குப் பிரஷரும் இருந்தால் அங்கேதான் சிக்கல்.

சிறுநீரகத்தில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரக்கிறது. அங்குள்ள நுண்ணிய ரத்தக்குழாய்களை விரித்துவைத்து, மிகுதியான உப்பையும் நீரையும் வெளியேற்ற அது உதவுகிறது. மூட்டில் வலியையும் வீக்கத்தையும் தூண்டுவதும் இதே குடும்பம்தான். வலி மாத்திரை மூட்டில் அதன் உற்பத்தியைத் தடுக்கும்போது சிறுநீரகத்திலும் சேர்த்தே தடுத்துவிடுகிறது. உப்பு தங்கும், கூடவே நீரும் தங்கும், ரத்த அழுத்தம் ஏறும். எனலாப்ரில், டெல்மிசார்ட்டன் போன்ற பிரஷர் மாத்திரைகளின் பலனும் குறையும்.

எனலாப்ரிலுக்கு இன்னொரு குணமும் உண்டு. அது தடுக்கிற நொதிதான் பிராடிகைனின் என்ற பொருளையும் சிதைக்கிறது. சிதையாமல் அது தேங்கினால் சிலருக்கு வறட்டு இருமல் பிடித்துக்கொள்ளும். அவர்கள் இருமல் டானிக் கேட்டு வருவார்கள். மருத்துவரிடம் அதைச் சொல்லத் தோன்றியிருக்காது. பிரஷர் மாத்திரையும் டானிக்கும் ஒரே ஆளுக்குப் போவதைக் கண்ணால் பார்ப்பவர் மருந்தாளுநர் மட்டுமே. “பிரஷர் மாத்திரை ஆரம்பிச்ச பொறகா இந்த இருமல் வந்துச்சு, அண்ணாச்சி?” என்று அவர் கேட்டு, மாத்திரையை நிறுத்தச் சொல்லாமல் மருத்துவரிடம் அனுப்பினால் போதும். மாற்று மாத்திரை இருக்கிறது.

அம்லோடிபின் போடுகிறவர்களுக்கு வேறு ஆபத்து. அது உடம்பை விட்டு மெதுவாகவே போகும். இரண்டு நாள் விட்டாலும் வித்தியாசம் தெரியாது. ‘சரியாகிவிட்டது’ என்று நினைத்து விட்டுவிடுவார்கள். முப்பது நாள் மாத்திரை வாங்கியவர் ஐம்பது நாளாகியும் வரவில்லை என்பது கடைக் கணக்கிலேயே தெரியும்.

மருந்தாளுநர் தலையிட்டால் பிரஷர் இறங்குமா? லாஸ் ஏஞ்சலிஸில் 52 முடிதிருத்தகங்களின் வாடிக்கையாளர்களான 319 கறுப்பின ஆண்களை வைத்து நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. ஒரு பகுதிக் கடைகளுக்கு மருந்தாளுநர்கள் நேரே போய், மருத்துவர்களின் ஒப்புதலோடு மருந்தைச் சீர்செய்தார்கள். ஆறு மாதத்தில் அங்கே மேல் அழுத்தம் சராசரியாக 27 புள்ளி இறங்கியது. மற்றக் கடைகளில் 9 தான்.

நம் ஊரில் மருந்தாளுநர் மருந்துச்சீட்டை மாற்ற முடியாது. ஆனால் மருந்துகள் ஒன்றோடொன்று மோதுவதைப் பற்றி நோயாளியிடம் பேசுவதை மருந்தாளுநர் தொழிலுக்கான 2015ஆம் ஆண்டு விதிமுறைகள் அவருடைய கடமையாகவே வைத்திருக்கின்றன. தமிழ்நாட்டில் 2020இல் எடுத்த கணக்கெடுப்பின்படி, உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் பிரஷர் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது, பெரிய காரியம். வலி மாத்திரை மட்டும் இன்னும் கடையில்தான் வாங்கப்படுகிறது. 2025 பிப்ரவரியில் திறந்த ஆயிரம் முதல்வர் மருந்தகங்களிலாவது ஒரு பிரஷர் கருவி இருக்கட்டும். டைக்ளோஃபெனாக் கேட்கிற ஒவ்வொருவரிடமும் “பிரஷர் இருக்கா?” என்று கேட்கட்டும். அளவு கூடியிருந்தால் ஒரு சீட்டில் எழுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பட்டும்.