வீட்டுக்கு ஒரு பட்டியல், டேட்டா சென்டருக்கு ஒரு பட்டியல்

அக்டோபர் 1 நெருங்குகிறது. கலிஃபோர்னியாவில் மின்சாரம் விற்கும் நிறுவனங்கள் மின்சாரம் எதிலிருந்து வந்தது என்று காட்டும், முந்தைய ஆண்டுக்கான ‘பவர் கன்டென்ட் லேபிள்’ பட்டியலை அதற்குள் வாடிக்கையாளர்களிடம் சேர்த்தாக வேண்டும். வாசகர் கடிதங்களில் இது பற்றித்தான் குழப்பம். சான்டா கிளாராவில் வீட்டு மின்சாரம் நூறு விழுக்காடு கார்பன் இல்லாதது என்கிறார்கள். பிறகு ஊருக்குள்ளேயே ஓடும் எரிவாயு மின்நிலையம் யாருக்காக?

நியாயமான கேள்வி. சான்டா கிளாரா நகரத்துக்குச் சொந்தமான சிலிகான் வேலி பவர், 2018 ஜனவரி முதல் வீடுகளுக்குக் கார்பன் இல்லா மின்சாரமே தருவதாகச் சொல்கிறது. அதே நிறுவனம் 147 மெகாவாட் திறனுள்ள டொனால்ட் வான் ரேஸ்ஃபெல்ட் எரிவாயு நிலையத்தையும் நடத்துகிறது. இரண்டும் உண்மை. எப்படி என்றால், அந்த நிறுவனம் ஒரே பட்டியலை அல்ல, வீடுகளுக்கு ஒன்றும் மற்றவர்களுக்கு ஒன்றுமாக இரண்டு பட்டியல் வெளியிடுகிறது. காற்றாலை, நீர்மின்சாரம் போன்றவற்றிலிருந்து வீடுகளுக்குத் தேவையான அளவை முதலில் அவர்கள் கணக்கில் எழுதுகிறார்கள். எரிவாயு முழுவதும் மற்ற பட்டியலுக்குப் போகிறது. கம்பியில் வரும் மின்சாரம் எல்லோருக்கும் ஒன்றுதான், பிரிப்பது ஏட்டில். கூட்டுக் குடும்பத்தின் கடனையெல்லாம் அண்ணன் பேரில் எழுதிவிட்டுத் தம்பி கடன் இல்லாதவன் என்று சொன்னால், வீட்டுக் கடன் குறைந்துவிடாது.

அந்த ‘மற்றவர்கள்’ யார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஊரில் விற்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய 60 விழுக்காட்டை டேட்டா சென்டர்களே இழுக்கின்றன. நம்மில் பலர் வேலை பார்ப்பதும், எல்லோரும் படம் சேமித்து வைப்பதும் அவற்றை நம்பித்தான். ஆகவே வீட்டுப் பட்டியலை மட்டும் பார்த்து நிம்மதி அடைவது சரியல்ல. இரண்டாவது பட்டியலையும் எடுத்து, இரண்டிலும் உமிழ்வு எண்ணை அடுத்தடுத்துப் பாருங்கள். ‘மூலம் குறிப்பிடப்படாதது’ என்ற வரியையும் கவனியுங்கள். எந்த நிலையத்தினுடையது என்று தெரியாமல் சந்தையில் வாங்கிய மின்சாரம் அது. யூனிட்டுக்கு 428 கிராம் கரியமில வாயு என்று மாநில அரசு அதற்கு ஒரு பொது அளவு வைத்திருக்கிறது.

நிலக்கரியை விட்டுவிட்டோம் என்ற பெருமையையும் சற்று உரசிப் பார்க்கலாம். நியூ மெக்சிகோவின் சான் வான் நிலக்கரி நிலையத்தில் நான்காவது யூனிட்டில் சான்டா கிளாராவுக்கு இருந்த பங்கு 2017 இறுதியில் முடிந்தது. நல்ல முடிவு. ஆனால் அந்த யூனிட் 2022 செப்டம்பர் வரை எரிந்தது. நம் பட்டியலிலிருந்து புகை போனதும், புகைபோக்கி அணைந்ததும் ஒரே நாளில் நடக்கவில்லை.

இன்னொரு கோளாறு, கணக்கு ஆண்டு முழுவதற்கும் சேர்த்துப் போடப்படுவது. ஏப்ரல் நண்பகலில் பொங்கி வழியும் சூரிய மின்சாரம், டிசம்பர் இரவில் எரித்த எரிவாயுவை ஏட்டில் ஈடுகட்டிவிடும். 2022-இல் நிறைவேறிய கலிஃபோர்னிய செனட் மசோதா 1158, மணிவாரிக் கணக்கு கேட்கிறது. அது 2028-இல் தொடங்கும். அதுவரை ‘நூறு விழுக்காடு’ என்பதை ஆண்டுக் கூட்டல் என்றே படிக்க வேண்டும்.

மற்ற கேள்விகள்:

கார்பன் இல்லாததும் புதுப்பிக்கத்தக்கதும் ஒன்றா? இல்லை, 30 மெகாவாட்டுக்கு மேற்பட்ட பெரிய அணைகளின் மின்சாரம் பொதுவாக முதல் வகையில் மட்டுமே சேரும்.

சன்னிவேலில் இருக்கிறோம், பில் பிஜி அண்ட் ஈ பெயரில் வருகிறது. எந்தப் பட்டியல்? பெரும்பாலான வீடுகளுக்கு மின்சாரம் வாங்கித் தருவது சிலிகான் வேலி க்ளீன் எனர்ஜி; அதன் பட்டியலைப் பாருங்கள்.

துணி துவைக்க எந்த நேரம் நல்லது? நண்பகல். மாலை ஆறு முதல் ஒன்பது வரை தவிர்க்கவும். மாநில மின்தொகுப்பின் அந்தந்த நேர நிலவரம், அதை நடத்தும் கைசோ அமைப்பின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

இதில் நாம் செய்யக்கூடியது? சிலிகான் வேலி பவர் சான்டா கிளாரா நகரத்துடையது, கட்டணத்தை முடிவு செய்வது நகர மன்றம். இரண்டு பட்டியலையும் சேர்த்து ஊருக்கு ஒரே உமிழ்வு எண்ணை ஆண்டுதோறும் பில்லில் அச்சிடும்படி மன்றக் கூட்டத்தில் கேளுங்கள்.