கோழியைப் பிடித்தவன் கம்பைத் தாண்டுகிறான்!

சித்திரை மாதம் எங்கள் வீட்டில் ஒரு பஞ்சாயத்தே நடந்துவிட்டது. காரணம், 14 மாத சிப்பிப்பாறை நாய் மணி. பக்கத்து வீட்டு மதினியின் முட்டைக் கோழியைத் தெருவோடு விரட்டிப் போய்க் கவ்விக் கொன்றுவிட்டான். "இன்னொரு தடவை நடந்தா நான் சும்மா இருக்க மாட்டேன் பாத்துக்க" என்று மதினி வாசலில் நின்று சத்தம் போட, 500 ரூபாய் கொடுத்து சமாதானம் செய்தோம். என் கணவரோ, "தோப்புக்காரர் ஒருத்தர் கேட்டிருக்கார், அங்க கொண்டு போய்க் கட்டிப் போட்டிருவோம்" என்றார். சின்னவள் அன்று சோறே தின்னவில்லை. "ஒரு மாசம் பொறுங்க" என்று நான்தான் வாய் விட்டேன்.

கால்நடை மருத்துவரிடம் கேட்டேன். "முயலைக் கண்ணால பாத்து விரட்டுறதுக்குன்னே வளர்த்த இனம்மா இது. ஓட்டத்துக்கு ஒரு வேலை கொடுங்க" என்றார். (ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் தபால்தலை வந்தது. அந்த வரிசையில் எங்க சிப்பிப்பாறைக்கு இடமில்லை!) வெளிநாட்டில் நாய்களைத் தடை தாண்டப் பழக்குகிறார்களாம். குதிரைகள் தாண்டும் போட்டியைப் பார்த்து, 1978-ல் லண்டன் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் வேடிக்கைக்காகத் தொடங்கியதாம். ஒரு வயதுக்கு முன் உயரம் தாண்ட விடக் கூடாது, எலும்பு முற்றியிருக்காது என்றும் எச்சரித்தார்.

காசு கொடுத்து எதுவும் வாங்கவில்லை. கவிழ்த்த இரண்டு வாளி மேல் ஒட்டடைக் கம்பு. இடித்தால் விழ வேண்டும், கட்டி வைக்கக் கூடாது. நாற்காலிகள் மேல் பழைய சேலை போட்டால் குகை. வளைந்து ஓட மண் நிரப்பிய பாட்டில் ஆறு. கூலி, அவித்த கோழி ஈரல். "கோழியைக் கொன்ன நாய்க்குக் கோழி ஈரலா?" என்று அத்தைக்குக் கோபம்.

முதல் நாள் கம்புக்கு அடியில் புகுந்து வந்தான். கம்பைத் தரையிலேயே போட்டுத் தாண்ட வைத்து, பிறகு ஒரு சாண் ஏற்றினேன். அவசரப்பட்டு ஐந்தாம் நாளே முழங்கால் உயரம் வைத்ததில் காலில் அடிபட்டு, மூன்று நாள் வாளியைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். தப்பு என்னுடையது. மறுபடி தரையிலிருந்து ஆரம்பம். காலை, சாயங்காலம் பத்துப் பத்து நிமிஷம்தான். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, வெயிலில் ஓட விடவே கூடாது.

தாண்டுவதைவிட 'நில்' என்ற சொல்தான் பெரும்பாடு. 'நில்' என்றால் வாளிக்கு முன்னால் நிற்க வேண்டும், 'வா' என்றால்தான் ஓட வேண்டும். இதற்கே இரண்டு வாரம். ஓடத் தொடங்கிவிட்டால் இவன் காதில் எதுவும் ஏறாது. கிளம்புமுன் நிறுத்தினால்தான் உண்டு.

இருபத்தாறாம் நாள், மதினியின் சேவல் சுவர் தாண்டி எங்கள் வாளிகளுக்கு நடுவே வந்து குதித்தது. மணி உடம்பு விறைத்தது. "நில்!" என்றேன், குரல் நடுங்க. நின்றான்! காது மட்டும் துடித்தது. சேவல் நிதானமாக நடந்து போனது. ஈரல் கிண்ணத்தையே அவன் முன் கவிழ்த்துவிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்த மதினி, "நான் சொன்னாலும் நிக்குமாட்டி?" என்று கேட்டாங்க.

தோப்புக்காரரிடம் இல்லை என்று சொல்லியாச்சு. ஆனாலும் கோழி மேயும் நேரம் மணியைக் கட்டித்தான் வைக்கிறேன். பூனையிடம் 'நில்' இன்னும் செல்லவில்லை. இப்போது சாரலில் முற்றம் வழுக்குவதால் தாண்டுவது கிடையாது. தார்சாவில் சேலைக் குகை மட்டும் நடக்கிறது.

– ஒரு வாசகி, வீரகேரளம்புதூர்.