இடுப்பு வலியா? படுக்காதீர்கள், நடங்கள்!

திருவண்ணாமலைக்குப் பௌர்ணமியன்று போகிறவர்கள், கிரிவலப் பாதையில் குபேர லிங்கத்துக்கு அருகே ஒரு கூட்டம் காத்து நிற்பதைப் பார்ப்பார்கள். அது இடுக்குப் பிள்ளையார் கோயில். கோயில் என்றவுடன் கோபுரத்தைத் தேட வேண்டாம். ஒரு சின்ன மண்டபம், அவ்வளவுதான். அதில் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று குறுகிய வாசல்கள். அவையும் நேர்கோட்டில் இல்லை. ஒரு பக்கம் நுழைந்து, ஒருக்களித்துப் படுத்து, கையை ஊன்றி ஊர்ந்து, உடம்பை நெளித்து மறுபக்கம் வர வேண்டும். தொந்தி பெருத்த மனிதர் உள்ளே போனால் வெளியே நிற்பவர்களுக்கு மூச்சு முட்டுகிறது. ஆனால் அவரும் எப்படியோ வந்து விடுகிறார்!

இப்படி நுழைந்து வந்தால் இடுப்பு வலியும் கை கால் பிடிப்பும் தீரும் என்பது ஜனங்களின் நம்பிக்கை.

நம்பிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும். அங்கே வலிக்காரர் என்ன செய்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். “குனிந்தால் போச்சு, திரும்பினால் போச்சு” என்று வீட்டில் மரக்கட்டைபோல் விறைத்துக் கிடந்தவர், பிள்ளையார் மேல் பாரத்தைப் போட்டு உடம்பை வளைக்கிறார். எழுந்து நின்றதும், “பரவாயில்லையே, வளைகிறதே!” என்று அவருக்கே ஆச்சரியம். அந்தப் பயம் தெளிவது சின்னக் காரியம் அல்ல. இடுப்பு வலியை நாள்பட இழுத்து வைப்பதில் பயத்துக்கும் பெரிய பங்கு உண்டு என்பது இன்றைய டாக்டர்களின் அபிப்பிராயம். (கர்ப்பிணிகளும், எலும்பு முறிந்தவர்களும், முதுகில் ஆபரேஷன் ஆனவர்களும் வெளியிலிருந்தே கும்பிட்டு விட்டுப் போவது நல்லது.)

உலகத்தையே பிடித்த வலி

2020-ம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 62 கோடிப் பேருக்கு இடுப்பு வலி இருந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். 2050-ல் இது 84 கோடியாகுமாம். திருவண்ணாமலை வட்டாரத்தில் இதற்குக் கணக்குத் தேட வேண்டியதில்லை. மல்லாட்டைக் கொல்லையில் நாள் முழுதும் குனிந்து களை எடுக்கும் பெண், கோயில் வாசலில் உட்கார்ந்தபடியே பூக் கட்டும் அம்மாள், ஆரணியில் குழித்தறியில் கால் விட்டு உட்கார்ந்திருக்கும் பட்டு நெசவாளி, பஸ் டிரைவர், கம்ப்யூட்டர் முன் அமர்ந்த குமாஸ்தா — யாரைக் கேட்டாலும், “சாயங்காலமானால் இடுப்பு கழன்று போகிறது” என்பார்கள். குனிபவருக்கும் வலி, உட்காருபவருக்கும் வலி! ஒரே நிலையில் மணிக்கணக்கில் இருப்பதுதான் இவர்கள் எல்லோருக்கும் பொது.

பத்தில் ஒன்பது பேருக்கு இந்த வலிக்கு இன்னதுதான் காரணம் என்று குறிப்பிட்டுச் சொல்ல முடிவதில்லை. அப்படியும் படம் எடுத்துப் பார்த்தால்தான் பலருக்குத் திருப்தி. படத்தில் ‘ஜவ்வு விலகியிருக்கிறது’ என்று வந்து விட்டால் தீர்ந்தது கதை. மறுநாளிலிருந்து அவர் நோயாளி.

1994-ல் அமெரிக்காவில் ஒரு வேடிக்கையான ஆராய்ச்சி நடந்தது. இடுப்பு வலியே இல்லாத 98 பேரை அழைத்து எம்.ஆர்.ஐ. படம் எடுத்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு மேல் முதுகெலும்புத் தட்டு எங்கேயாவது பிதுங்கித்தான் இருந்தது! தலை நரைப்பதுபோல் தட்டும் தேய்கிறது. தேய்ந்ததெல்லாம் வலிப்பதில்லை.

படுக்கையா, நடையா?

இடுப்புப் பிடித்தால் பலகையில் படு, அசையாதே என்பது பழைய உபதேசம். டாக்டர்களே ஒரு காலத்தில் வாரக்கணக்கில் படுக்கச் சொன்னதுண்டு. பின்லாந்தில் ஹெல்சிங்கி நகர ஊழியர்களை வைத்து இதைச் சோதித்து, 1995-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பகுதியினரை இரண்டு நாள் படுக்க வைத்தார்கள். ஒரு பகுதியினருக்கு முதுகுப் பயிற்சி. மற்றவர்களிடம், “முடிந்த வரை வழக்கமான வேலையைப் பாருங்கள்” என்று சொல்லி விட்டார்கள். வேலையைப் பார்த்தவர்கள்தான் சீக்கிரம் குணமானார்கள். படுத்தவர்கள் எல்லோருக்கும் பின்தங்கினார்கள்.

பலகை விஷயமும் அப்படித்தான். ஸ்பெயினில் 313 பேரை வைத்துப் பார்த்ததில், கெட்டி மெத்தையை விட நடுத்தரமான மெத்தையே வலிக்கு இதமாக இருந்தது. மெத்தைக் கடைக்கு ஓட வேண்டாம். ஜமக்காளத்தை இரண்டாக மடித்துப் போட்டு, உடம்பு எதை ஏற்கிறது என்று பார்க்கலாம்.

நடைக்கு வருவோம். ஆஸ்திரேலியாவில் மெக்குவாரி பல்கலைக் கழகத்தார், இடுப்பு வலி வந்து தேறிய 701 பேரை இரண்டு கூறாகப் பிரித்தார்கள். ஒரு கூறுக்கு, சிறிது சிறிதாகக் கூட்டி, வாரம் ஐந்து நாள் அரை மணி நேரம் நடக்கக் கற்றுக் கொடுத்தார்கள். மற்றக் கூறுக்குச் சிகிச்சை ஒன்றும் இல்லை. 2024-ல் வெளியான முடிவு இது: நடக்காதவர்களுக்கு 112 நாளில் வலி திரும்பியது என்றால், நடந்தவர்களுக்கு 208 நாள் ஆயிற்று. மருந்துச் செலவில்லாமல் ஏறக்குறைய இரட்டிப்பு நாள் நிம்மதி!

மலையைச் சுற்ற 14 கிலோ மீட்டர் பாதை வைத்திருக்கும் ஊருக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டாம் என்று தோன்றும். ஆனால் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. மாதத்தில் இருபத்தொன்பது நாள் நாற்காலியில் இருந்து விட்டு, பௌர்ணமி இரவு ஒரே மூச்சில் 14 கிலோ மீட்டர் நடந்தால், மறுநாள் இடுப்பு பிடிக்காமல் என்ன செய்யும்? ஆஸ்திரேலியாக்காரர்கள் சொன்னதில் முக்கியமான வார்த்தை ‘சிறிது சிறிதாக’ என்பது. முதலில் தெருக்கோடி வரை பத்து நிமிஷம் போதும். உள்ளூர்க்காரர்களுக்கு மைல்கல்லாக லிங்கங்களே இருக்கின்றன. இந்த வாரம் அக்னி லிங்கம் வரை போய்த் திரும்பலாம். உடம்பு ஒத்துழைத்தால் பிறகு எம லிங்கம் வரை. கொஞ்சம் வலித்தாலும் நடக்கலாம். காலில் மின்சாரம் பாய்வதுபோல் இறங்கினால் நிறுத்தி விட வேண்டும்.

தைலமும் மாத்திரையும்

வெந்நீர் ஒத்தடமும், பாட்டி வறுத்துக் கட்டும் உப்பு மூட்டையும் இதம் தரும். சூடு தோலைச் சுடாமல் பார்த்துக் கொண்டால் போதும். வலி மாத்திரை சில நாளைக்கு உதவும். கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும். 2023-ல் உலக சுகாதார ஸ்தாபனம், நாள்பட்ட இடுப்பு வலிக்கு உடற்பயிற்சியைச் சிபாரிசு செய்தது; இடுப்பு பெல்ட்டும், எடை கட்டி இழுக்கும் சிகிச்சையும் வழக்கமாக வேண்டாம் என்று சொல்லி விட்டது. குடத்தைத் தூக்கும்போது முழங்காலை மடக்கி, உடம்போடு ஒட்டித் தூக்குங்கள். பூக் கட்டுகிறவரும் தறியில் இருப்பவரும் அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நான்கு அடி நடந்து விட்டு வரலாம்.

நடை எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. இடுப்பு வலியோடு சாயங்காலக் காய்ச்சலும் உடம்பு இளைப்பும் இருந்தால் முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம். அது மருந்தால் குணமாகும். அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். கீழே விழுந்த முதியவருக்கும், முன்பு புற்றுநோய் வந்தவருக்கும் புதிதாக வலி கண்டால் டாக்டர் பார்க்க வேண்டும். சிறுநீர் நின்று போனாலோ, தன்னையறியாமல் போனாலோ, இரு தொடைகளுக்கு நடுவே மரத்துப் போனாலோ, கால் வலுவிழந்து செருப்பு நழுவினாலோ விடியட்டும் என்று இருக்கக் கூடாது. அந்த இரவே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.